நானூறு மீட்டர் நகர்ந்த குருசு

கல்லைத் தூக்கியபோது ஒரு சத்தம் வந்தது. சேற்றில் மாட்டிய காலைப் பிடுங்கும்போது வருமே, அந்தச் சத்தம். ஆனால் இது நீளமாக, விட மனமில்லாததுபோல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஐப்பசி மழை முந்தின நாள்தான் விட்டிருந்தது. ஏரிக்கரைக்குக் கீழே, கருவேல முள்ளை வெட்டி ஒதுக்கிய இடத்தில் மஞ்சள் நிற ஹைட்ரா கிரேன் ஒன்று கையை நீட்டிக்கொண்டு நின்றது. அதன் பெல்ட்டில் எங்கள் ஊர்க் குருசுக் கல் தொங்கியது.

இடுப்பளவுதான் என்று நாங்கள் பரம்பரையாக நினைத்திருந்த கல். மண்ணுக்குள் இன்னும் ஓர் இடுப்பளவு இருந்திருக்கிறது. வெளியே தெரிந்த பாதி எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. மண்ணுக்குள் இருந்த பாதி அப்போதுதான் செதுக்கியதைப்போல் வெளுப்பாக இருந்தது. அந்த வெளுப்பைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது. பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி.

கல் இருந்த குழியில் தண்ணீர் ஊறியது. இரண்டு மரவட்டைகள் சுருண்டு மிதந்தன. பழைய விளக்கெண்ணெய் வாடை அடித்தது.

"எக்கா, இது என்ன பெரிய வெயிட்டு! சும்மா பூ மாதிரி வருதுல்லா" என்றான் கிரேன் ஓட்டிய தேவராஜ். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். பக்கத்து சைட்டில் தகரக் கொட்டகை போட வந்தவனைக் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தோம்.

கூட்டி வந்தவள் நான். கல்லை எடுக்கலாம் என்று சொன்னவளும் நான். அதனால் இந்த வாரம் யாரையும் குறை சொல்ல எனக்கு வசதியில்லை.

ஊர்ப் பெருமை

இந்தத் தொடரில் போன வாரம் வந்த கேன்டீன் அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். "ஒரே புலம்பலா இருக்கும்மா. உங்க ஊர்ல ஏதோ பழைய சிலுவை இருக்காமே, அரசாங்கமே பாதுகாக்குதாமே. அதப்பத்தி எழுதுங்க. ஊர்ப் பெருமையா இருக்கட்டும்" என்றார்.

சரி, பெருமை பேசுகிறேன்.

ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் எங்கள் ஊர். பெயரை எழுத வேண்டாம் என்று விக்டோரியா அக்கா சொல்லியிருக்கிறாள். என்னோடு பிறந்த ஒரே அக்கா. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அவள் என்னிடம் கேட்டுக்கொள்வது இப்போதெல்லாம் அபூர்வம் என்பதால் எழுதவில்லை.

ஒரே தெரு. பாதி வீடு மாதா கோயிலுக்குப் போகும், பாதி வீடு மாரியம்மன் கோயிலுக்குப் போகும். குருசுக் கல்லுக்கு மட்டும் எல்லா வீடும் போகும். கல்லின் முகத்தில் ஒரு சிலுவை. நான்கு முனையிலும் மொட்டு, அடியில் தாமரை. ஓரத்தில் தேய்ந்துபோன எழுத்துகள். என்ன மொழி என்று எங்களில் யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

உடம்பில் மரு வந்தால் கல்லடியில் உப்பும் மிளகும் போடுவோம். கல்யாணமாகி வருகிற பெண்ணும் சரி, போகிற பெண்ணும் சரி, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவளாக இருந்தாலும், மறுநாள் காலை ஏரிக்கரைக்குப் போய்க் கல்லின் தலையில் ஒரு கரண்டி விளக்கெண்ணெய் ஊற்ற வேண்டும். எண்ணெய் வழிந்து தாமரையைத் தொட்டால் அந்த வீட்டில் அடுப்பு அணையாது என்பார்கள். என் கல்யாணத்துக்கு மறுநாள் என் எண்ணெய் பாதியில் நின்றுவிட்டது. அக்காதான் விரலால் இழுத்து விட்டாள். "தொட்டுச்சுடி, தொட்டுச்சு. வா போலாம்" என்றாள்.

அளப்பது என் தொழில்

பென்னலூர் பக்கம் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். தரப் பரிசோதனை. லைனில் வருகிற இரும்பு உருளையைக் கையில் எடுப்பது, அளவுகோலில் கவ்வ வைப்பது, எண்ணைப் பார்ப்பது, நல்லதை இந்தப் பக்கம், கெட்டதை அந்தப் பக்கம் வைப்பது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தப்பினாலும் சிவப்புப் பெட்டிதான். என் கையால் போன சரக்கு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று ரிட்டையர் ஆனபோது ஒரு கடிகாரம் கொடுத்தார்கள்.

இந்த லட்சணத்தில் இருந்த நான்தான் கல்லை நானூறு மீட்டர் நகர்த்தினேன்.

அந்த வருஷம் ஏரிக்கரைக்குக் கீழே இருந்த நிலங்களில் அளவைக் கல் நட ஆரம்பித்தார்கள். கம்பெனி விரிவாக்கம் என்றார்கள். ஏழு குடும்பத்தின் நிலம். முதல் நிலம் கோதண்டம் அண்ணனுடையது. அவர் என் பிறந்த வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர். கோடைக் கத்தரியும் வெண்டையும் போடுவார். அவர் வரப்போரத்தில்தான் குருசுக் கல் இருந்தது.

பழைய கல்லெழுத்துகளைப் படம் பிடித்துக்கொண்டு திரிந்த ஒரு கல்லூரிப் பெண் எங்கள் ஊருக்கும் வந்தாள். கல்லைப் பார்த்ததும் சேற்றிலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். எழுநூறு எண்ணூறு வருஷம் இருக்கும் என்றாள். "இத பாதுகாக்கப்பட்ட சின்னமா அறிவிச்சுட்டா சுத்தி நூறு மீட்டருக்கு யாரும் ஒரு செங்கல்கூட வைக்க முடியாதுக்கா. கம்பெனியும் வைக்க முடியாது" என்றாள்.

நூறு மீட்டர் என்றால் கோதண்டம் அண்ணன் நிலம் முழுசாகத் தப்பும். பக்கத்து நிலங்களும் தப்பும். நடுவில் ஓட்டை விழுந்த இடத்தில் எந்தக் கம்பெனி வந்து கட்டிடம் கட்டும்? விட்டுவிட்டுப் போய்விடும் என்று எல்லாரும் நம்பினோம். நான் மனு எழுதினேன். ஊர் மனு எல்லாம் நான்தான் எழுதுவேன், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று.

பழைய சின்னங்களைக் காக்கிற துறை ஒன்று இருக்கிறது. அங்கிருந்து பதில் வந்தது. அடுத்த திங்கட்கிழமை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று இருந்தது.

சேற்றில் நடக்க வைக்கலாமா?

அந்தக் கடிதம் வந்த அன்றே தெரு கூடியது. பேச்சு கல்லைப் பற்றி இல்லை. சேற்றைப் பற்றி.

ஏரிக்கரைக்குப் போகிற வழி முழங்கால் அளவு சேறு. இரண்டு பக்கமும் முள். போதாததற்கு வெளியூர்க்காரர்கள் குடித்துவிட்டு வீசிய பாட்டில்கள். அந்தப் பக்கம் ஜனங்கள் எதற்கு ஒதுங்குவார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

"காருல வர்றவரு. ஷூ போட்டுகினு வருவாரு. அவர இந்த நரகல்ல நடக்க வெச்சா நம்மளப் பத்தி இன்னா நெனப்பாரு?" என்றார் கோதண்டம் அண்ணன்.

அதுதான் எல்லாருடைய கவலையும். ஊருக்கு நல்லது செய்ய வருகிற மனுஷன். அவருக்கு ஒரு நிழல், ஒரு நாற்காலி, ஒரு வாய் காபி வேண்டாமா? எங்கள் பக்கத்தில் வந்தவர்களை வாசலில் நிற்க வைத்து அனுப்பிப் பழக்கமில்லை.

நான் எழுந்து சொன்னேன். "அவரு கல்லாண்ட போகத் தேவல. கல்ல அவராண்ட கொண்டாந்துடலாம்."

எல்லோருக்கும் அது சட்டென்று பிடித்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கம்பெனியில் நல்ல யோசனை சொன்னால் கைதட்டுவார்களே, அந்த மாதிரி கைகூடத் தட்டினார்கள்.

எங்கே வைப்பது? தெருவிலேயே அகலமான வாசல் விக்டோரியா அக்காவுடையது. பூவரச மரத்து நிழல் வேறு. அக்காவுக்குச் சந்தோஷம். "வாசல்ல எதுக்குடி? உள்ளயே தூக்கினு வந்து வெச்சுடு. ஃபேன் போட்டு வுடறேன்" என்று சிரித்தாள்.

அக்கா அப்போது வீடு கட்ட ஆரம்பிக்கிற நேரம். மாமா இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. கேன்டீனில் பாத்திரம் தேய்த்தே மகன் ஜான்சனைப் படிக்க வைத்தவள். அவன் கல்யாணத்துக்குள் பழைய ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்ட வீடு கட்டிவிட வேண்டும் என்று மணலும் சிமெண்டும் வாங்கி இறக்கியிருந்தாள். கல்லை நிறுத்த மேடை கட்டினோமே, அது அந்த மணலில்தான், அந்த சிமெண்டில்தான்.

ஒரு தட்டு காபி

அதிகாரி சின்ன வயசுக்காரர். நல்ல மாதிரி. கல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். ஆமாம், செருப்புத்தான். ஷூ போட்டு வரவில்லை. டிக்கியில் முழங்கால் வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ் வைத்திருந்தார். பத்து வருஷமாகக் காட்டிலும் மேட்டிலும் கல் பார்த்துக்கொண்டு அலைகிறேன் என்றார்.

அந்த ரப்பர் பூட்ஸை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

படம் எடுத்தார். நாடா வைத்து அளந்தார். கையிலிருந்த கருவியில் இடத்தைக் குறித்துக்கொண்டார். பிறகு மேடையை விரலால் தொட்டார். "சிமெண்ட் ஈரமா இருக்கே?"

"வருஷா வருஷம் பூசுவோம் சார்" என்றேன்.

"கல்லு ஆரம்பத்துலேர்ந்து இங்கதான் இருக்கா? வேற எங்கேயிருந்தாவது கொண்டு வந்து வெச்சதா?"

தெரு முழுக்க நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகியிருக்கும்? பூட்ஸை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்திருப்பார். குழியைப் பார்த்திருப்பார். ஆனால் அந்த நேரத்தில் எனக்குப் பட்டது வேறு. நகர்த்திய கல் என்றால் மதிப்பு போய்விடுமோ, சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுவாரோ என்று பயந்தேன். வெட்கமும் இருந்தது. சரக்கில் தப்பு என்று ஒருநாளும் பேர் வாங்காதவள் இல்லையா!

"இங்கதான் சார். எங்க தாத்தா பூட்டன் காலத்துலேர்ந்து இதே எடத்துலதான் கீது" என்றேன்.

"அப்ப அதையே எழுதிக் கொடுத்துடுங்க மேடம். ரெக்கார்டுக்கு வேணும்."

எழுத மேஜை இல்லை. அக்கா காபி டம்ளர்களை எடுத்துவிட்டுத் தட்டை அரைகுறையாகத் துடைத்துக் கொடுத்தாள். அதன்மேல் தாளை வைத்து எழுதினேன். தட்டில் டம்ளர் இருந்த இடத்துக் காபி தாளின் மூலையில் வட்டமாக ஒட்டிக்கொண்டது. சாட்சிக்கு ஒரு கையெழுத்து கேட்டார். பக்கத்தில் நின்றவள் அக்கா. ஐந்தாவது வரை படித்தவள். நின்றபடியே போட்டாள்.

அவர் போனதும் கல்லைத் திரும்ப ஏரிக்கரையில் வைத்துவிடுவதாகத்தான் பேச்சு. அடுத்த ஞாயிறு தேவராஜ் வரவில்லை. அவன் சைட்டைச் செய்யாறு பக்கம் மாற்றிவிட்டார்கள். வேறு கிரேன் தேடிக்கொண்டிருக்கும்போதே துறையிலிருந்து கடிதம் வந்தது. சின்னத்தை யாரும் தொடவோ நகர்த்தவோ கூடாது, மீறினால் நடவடிக்கை. தெருவே கொண்டாடியது. கோதண்டம் அண்ணன் எனக்குச் சாத்துக்குடி வாங்கிக் கொடுத்தார்.

வட்டம் விழுந்த இடம்

கல் காப்பாற்றப்பட்டது. அதில் குறையே சொல்ல முடியாது.

வேல் முனை வைத்த இரும்பு வேலி வந்தது. நீல நிறப் பலகை வந்தது. பகலில் ஒரு காவலாளி வந்தார். எண்ணெய் ஊற்றக் கூடாது, உப்பு மிளகு போடக் கூடாது, கல் கெட்டுவிடும் என்று எழுதி வைத்தார்கள். எண்ணூறு வருஷம் எண்ணெயில் கெடாத கல்! புதுப்பெண்கள் வேலிக்கு வெளியே நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நூறு மீட்டர் வட்டமும் வந்தது. கல்லிலிருந்து அளந்தார்கள். தெருவில் இருந்த அத்தனை வீடும் வட்டத்துக்குள் விழுந்தது. ஏரிக்கரை நிலம் அத்தனையும் வட்டத்துக்கு வெளியே விழுந்தது.

அடுத்த சித்திரைக்குள் ஏழு குடும்பத்து நிலமும் போயிற்று. இப்போது அங்கே கம்பெனியின் மதில் ஓடுகிறது. குருசு இருந்த குழியின்மேல் கான்கிரீட் போட்டு லாரி நிறுத்துகிறார்கள். கோதண்டம் அண்ணன் அதே கம்பெனி வாசலில் செக்யூரிட்டி உடுப்பில் நின்று, வருகிற லாரியின் நம்பரை நோட்டில் எழுதுகிறார். அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருமுறை மட்டும், "ராணி, அந்த லாரிங்கோ நிக்குற எடத்துல ஒரு கரண்டி எண்ணெ ஊத்தலாமானு தோணுது. டூட்டில கீறமே, ஊத்தினா சூப்பர்வைசர் வெரட்டுவான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அக்காவின் கம்பிகள்

அக்கா பழைய வீட்டில் பாதியை இடித்துப் பில்லருக்குக் குழி எடுத்திருந்தாள். கம்பி கட்டி நிறுத்திய அன்றைக்குக் காவலாளி வந்து வேலையை நிறுத்தினார். தடை செய்யப்பட்ட பகுதி. கல்லிலிருந்து அவள் நிலைவாசல் பத்தடி.

அனுமதிக்கு மனு போட்டோம். நான்தான் எழுதினேன், வேறு யார்? புது வீட்டுக்கு அனுமதி கிடையாது, பழுது பார்க்க வேண்டுமானால் தனியாக மனு போடு என்றார்கள். தனியாகப் போட்டோம். வரைபடம் கேட்டார்கள். கொடுத்தோம். இடித்த பாதியைக் கட்டுவது பழுது பார்ப்பதில் சேராது என்றார்கள்.

ஜான்சன் கல்யாணம் பண்ணிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவிலில் வாடகைக்குப் போய்விட்டான். ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போய் வருகிறான். அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்தான். அவள் போகவில்லை. மீதிப் பாதி வீட்டில் இருக்கிறாள். ஓடு போன இடத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறாள். பில்லர் கம்பிகள் வாசலில் துருப்பிடித்து நிற்கின்றன, அதில் கொடி கட்டித் துணி உலர்த்துகிறாள். வேலியில் உலர்த்தினால் காவலாளி திட்டுகிறார்.

நான் வாக்கப்பட்டது மண்ணூரில். இரண்டு மாடி வீடு. எந்த வட்டத்திலும் இல்லை. இதையும் எழுதிவிட வேண்டும்.

மதில் எழும்பிய மறு வருஷம் அக்கா என்னிடம் பேசுவதைக் குறைத்தாள். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி ஆற்றியிருப்பேன். போனால் தண்ணீர் கொடுப்பாள், சாப்பிட்டியா என்பாள், அவ்வளவுதான். அந்த மௌனத்தில் உட்கார முடியாமல்தான் ஒருநாள் முடிவு செய்தேன், உண்மையை எழுதிவிடலாம் என்று.

திரும்பி வந்த சரக்கு

துறைக்கு ஆறு பக்கம் எழுதினேன். கல் இருந்தது ஏரிக்கரையில், சர்வே எண் இது, நகர்த்தியது நான், பொய் சொன்னதும் நான், என்மேல் என்ன வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள், வட்டத்தை மட்டும் எங்கள் தெருவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். அந்தக் கல்லூரிப் பெண் ஏரிக்கரையில் எடுத்த படத்தையும் தேடிப் பிடித்து இணைத்தேன். கறுத்த கல்லைத் தவிர அதில் வேறொன்றும் தெரியவில்லை. பின்னால் முள். முள் எங்கேதான் இல்லை?

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. போன மாதம், நல்ல மழை நாளில், பதில் வந்தது. அக்கா வீட்டு முகவரி கொடுத்திருந்தேன். போன் செய்தாள். "உனுக்கு ஒரு கவர் வந்துகீது. வந்து எட்த்துக்கோ."

போனேன். தார்ப்பாயில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மூன்று இடத்தில் ஒழுகியது, கீழே ஒரு பக்கெட், ஒரு குண்டான், ஒரு தட்டு. அந்தத் தட்டு எது என்று எனக்குத் தெரிந்தது.

கவரைப் பிரித்தேன். நான்கு வரி. ஆவணங்களைப் பரிசீலித்ததில் சின்னம் தொன்றுதொட்டு தற்போதைய இடத்திலேயே உள்ளது உறுதியாவதால் மனு நிராகரிக்கப்படுகிறது. ஆதாரம் இணைப்பில் காண்க.

இணைப்பு ஒரே ஒரு ஜெராக்ஸ் தாள். மூலையில் காபி வட்டம். அந்த வட்டம்கூட அச்சாக விழுந்திருந்தது. நடுவில் ஒரு வரிக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார்கள். 'எங்கள் முன்னோர் காலந்தொட்டு இக்கற்சிலுவை இதே இடத்தில் நின்று வருகிறது.'

பத்தொன்பது வருஷம் என் கையால் போன சரக்கு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இது வந்துவிட்டது.

"இன்னா போட்டுகீது?" என்றாள் அக்கா.

சொன்னேன். அவள் கை நீட்டினாள். தாளைக் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். வெளியே வேலிக்குள் குருசு நனைந்துகொண்டிருந்தது. எண்ணெய் போய் அது வெளுக்க ஆரம்பித்துவிட்டது.

பிறகு கையெழுத்தின்மேல் விரலை வைத்துக் கேட்டாள். "இது உன்னுதா?"

"ஆமாக்கா."

"கீழ கீறது?"

"உன்னுதுதான்க்கா. சாட்சி."

தலையாட்டினாள். "உன்னுது அயகா கீது. என்னுதுதான் கோணல்" என்றாள்.

தாளை நனையாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, நிரம்பிப்போன தட்டை இரண்டு கையாலும் பிடித்து எடுத்துக்கொண்டுபோய் வாசலில் ஊற்றினாள்.